கருப்பு கிரானைட்னு ஒண்ணு கிடையாது

மேல வைக்க வேணாம் சார், மடியிலயே இருக்கட்டும். பஸ்ஸு குலுங்கி யார் தலையிலயாவது விழுந்தா பொல்லாப்பு. கல்லு சார் உள்ள. ரெண்டு கல்லு. நிஜமாவே கல்லுதான். திண்டுக்கல்லுல இருந்து சேலத்துக்கு ஒருத்தன் மஞ்சப்பையில கல்லைத் தூக்கிட்டுப் போறானேன்னு உங்களுக்கு சிரிப்பா இருக்கும். கண்டக்டரும் சிரிச்சான். சிரிக்கட்டும்.

நீங்க எங்க இறங்கணும்? நாமக்கல்லா. அப்ப நேரம் இருக்கு.

நான் காலேஜ்ல ஜியாலஜி லேப்ல இருந்தவன் சார். முப்பத்தோரு வருஷம். அட்டெண்டர்னு ரிஜிஸ்டர்ல போட்டிருக்கும், ஆனா பசங்க சவரிமுத்து சார்னுதான் கூப்பிடுவாங்க. கல்லை எடுத்துக் கொடுக்கறது, திருப்பி வாங்கி அடுக்கறது, வெள்ளை பெயின்ட்ல நம்பர் போடறது. பிராக்டிகல் பரீட்சையில ஒரு பையன் கையில கல்லை வச்சுக்கிட்டு முழிச்சான்னா, அவன் பக்கமா போயி லேசா இருமுவேன். ஒரு இருமல்னா கிரானைட். ரெண்டு இருமல்னா டாலரைட். என் இருமல்ல பாஸ் பண்ணவன் எத்தனையோ பேரு இன்னைக்கு பெரிய ஆபீஸரு.

இந்தாங்க, இதைப் பிடிங்க. சும்மா பிடிங்க, கடிக்காது. சாம்பலும் ரோஸுமா, மணி மணியா தெரியுதா? இதுதான் கிரானைட். கண்ணாடி மாதிரி மின்னுறது குவார்ட்ஸ். ரோஸா இருக்கறது பெல்ஸ்பார். கருப்பா செதில் செதிலா இருக்கறது மைக்கா. இப்ப அந்தக் கையில இதைப் பிடிங்க. கனம் கொஞ்சம் கூட இருக்குல்ல? கருகருன்னு, ஒரு மணியும் தனியா தெரியாது. இது டாலரைட்.

ரெண்டும் பூமிக்குள்ள குழம்பா கொதிச்சு ஆறினதுதான் சார். கிரானைட் என்ன பண்ணும்னா, ஆழத்துல கிடந்து மெதுவா ஆறும். லட்சக்கணக்கான வருஷம். அவசரமே கிடையாது. அதனால மணி பெருசு பெருசா விளையும். இந்தக் கருப்பு அப்படி இல்ல. மேல ஏறி வந்து, ஒரு வெடிப்புல புகுந்து, சட்டுன்னு ஆறிடும். மணி விளையறதுக்கு எங்க நேரம்? பொடிப் பொடியா நின்னுரும். சரக்கும் வேற. குவார்ட்ஸைத் தேடினாலும் கிடைக்காது.

இதைப் போயி கடையில என்னன்னு விக்கறான் தெரியுமா? கருப்பு கிரானைட். போர்டு எழுதி வச்சிருக்கான், பில்லுல எழுதறான். சார், கருப்பு கிரானைட்னு ஒண்ணு கிடையாது. உலகத்துலயே கிடையாது. வெள்ளைக் காக்கான்னு சொல்ற மாதிரி. நான் சொன்னா, நீங்க சொல்றது படிப்புல சார், நாங்க சொல்றது வியாபாரத்துலங்கறான். கல்லுக்குத் தெரியுமா படிப்பும் வியாபாரமும்?

என் மச்சினன் சூசைமாணிக்கமும் அதே கட்சிதான். என் சம்சாரத்தோட தம்பி. லேத்துப் பட்டறை வச்சிருக்கான். நல்லவன்தான், இல்லைங்கலை. ஆனா அவசரக்காரன். நான் அவன்கிட்டயே சொல்லியிருக்கேன், நீ டாலரைட்டு, நான் கிரானைட்டுன்னு. அவனுக்கு கோபம் வந்தா பட்டறையே அதிரும், அரை மணி நேரத்துல ஆறிடும், டீ வாங்கிட்டு வந்து நிப்பான். மச்சான் சாப்பிடுங்கன்னு. எனக்கு அப்படி இல்ல. என் கோபம் உள்ளயே கிடந்து மெதுவா ஆறும். வருஷக்கணக்கு ஆகும். அதுல ஒரு அழகு இருக்கு சார், எல்லாருக்கும் அது புரியாது.

போன் அடிக்குதா? அடிக்கட்டும். என் பொண்ணாத்தான் இருக்கும். எடுத்தா சண்டை. இது என்ன ஊரு, வேடசந்தூர் தாண்டிருச்சா?

என் சம்சாரம் இறந்து அஞ்சு வருஷம் ஆச்சு. அமலோற்பவம்னு பேரு. ஆகஸ்ட்ல போனா. எங்களுக்கு நவம்பர் ரெண்டு கல்லறைத் திருநாள். எல்லாரும் போயி புல்லு செதுக்கி, வெள்ளை அடிச்சு, பூ வச்சு, மெழுகுவத்தி கொளுத்தி, சாமியாரு தண்ணி தெளிச்சு மந்திரிப்பாரு. முதல் வருஷம் மரச்சிலுவைதான் இருந்துச்சு. மண்ணு இறங்கறதுக்குள்ள கல்லு வைக்கக்கூடாதுன்னு நானும் சொல்லிட்டேன், அவங்களும் சரின்னுட்டாங்க. ரெண்டாம் வருஷம் திருநாளுக்கு முந்தின நாளு, நான் புல்லு செதுக்கிட்டிருக்கேன், ஒரு குட்டி யானை லாரி வந்து கல்லறைத் தோட்டத்து வாசல்ல நிக்குது. சூசை இறங்கறான். கூடவே என் பொண்ணு ஜெசிந்தா இறங்கறா. மெட்ராஸ்ல நர்ஸா இருக்கா, லீவு போட்டு வந்திருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு கல்லு வாங்கியிருக்காங்க. மூணடி உசரம். பேரு வெட்டி, தங்கக் கலர் ஊத்தி, சுத்தி ஓரம் பூ வேலை. ஆச்சரியம் கொடுக்கணும்னு செஞ்சாங்களாம்.

நான் மண்வெட்டியைக் கீழ வச்சேன். சட்டைப் பையில இருந்து லென்ஸை எடுத்தேன். ஆமா, எப்பவும் இருக்கும், இதோ பாருங்க. குனிஞ்சு பார்த்தேன். எனக்கு லென்ஸே வேண்டியதில்ல, ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. பார்த்துட்டு, பில்லு எங்கன்னு கேட்டேன். பில்லுல போட்டிருக்கான், பிளாக் கிரானைட்னு.

சூசை, இது கிரானைட் இல்லன்னேன். மச்சான், கிரானைட்டோ எதுவோ, அக்கா பேரு எம்புட்டு அழகா தெரியுது பாருங்கன்னான். பேரு தெரியறது வேற, கல்லு வேறன்னேன். ஜெசிந்தா, அப்பா, நாளைக்குத் திருநாள்னா. தெரியும்னேன். பொய்ப் பேரு போட்டு வித்த கல்லு என் சம்சாரம் தலைமாட்டுல நிக்கக்கூடாதுன்னேன். முப்பத்தோரு வருஷம் கல்லுக்கு சரியான நம்பர் போட்டவன் சார் நான். வீட்டுக்காரி குழி மேலயே தப்பான கல்லை வச்சா, ஊரு என்ன சொல்லும்?

ஊருக்கு என்ன தெரியப்போகுதுங்கறீங்களா? அதையேதான் அவளும் கேட்டா.

கல்லைத் திருப்பி ஏத்த வச்சேன். பேரு வெட்டின கல்லைக் கடைக்காரன் திரும்ப எடுப்பானா? மாட்டேன்னுட்டான். சூசை அதைத் தன் வீட்டுக்குக் கொண்டு போனான். கொஞ்ச நாள் செவுத்துல சாத்தி வச்சிருந்தான். அப்புறம் அவன் பொண்டாட்டி, என்னை அண்ணேன்னு கூப்பிடும், நல்ல பிள்ளை, அதைக் குழாயடியில கவுத்துப் போட்டு துவைக்கிற கல்லா ஆக்கிருச்சு. பளபளப்பு கீழ, சொரசொரப்பு மேல. நாலு வருஷமா அதுலதான் அவங்க வீட்டுத் துணி எல்லாம். டாலரைட்டுக்கு அது சரியான வேலைதான் சார், துவைக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும்.

அன்னையில இருந்து ஜெசிந்தா என்னை அப்பான்னு கூப்பிடறது இல்ல. பேசுவா. மாத்திரை போட்டாச்சா, பென்ஷன் வந்துச்சான்னு கேப்பா. ஆனா அந்த வார்த்தை மட்டும் வராது. லீவுல வந்தா மாமா வீட்டுலதான் இறங்கறா. நேத்து வந்திருக்கா. நம்ம வீட்டுக்கு வரலை.

நான் சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு வருஷமும் அக்டோபர்ல கிளம்பிருவேன், லென்ஸை எடுத்துக்கிட்டு. முதல் வருஷம் கிருஷ்ணகிரிப் பக்கம் போனேன். நல்ல கிரானைட், ஆனா குறுக்க ஒரு வெள்ளைக் கோடு ஓடுச்சு. வேணாம்னுட்டேன். அடுத்த வருஷம் மேலூர்ப் பக்கம். கோடு இல்ல, ஆனா உள்ளங்கை அளவு ஒரு கருப்புத் திட்டு. வேற ஒரு கல்லு உள்ள விழுந்து மாட்டியிருக்கு. அதுவும் வேணாம். போன வருஷம் எல்லாம் பொருந்தி வந்துச்சு சார், குத்தமே சொல்ல முடியாத கல்லு. பேரு வெட்டறவன்கிட்ட கொடுத்தேன். வெட்டினான். தள்ளி நின்னு பார்த்தா படிக்க முடியலை. கல்லு பூரா புள்ளியும் மணியுமா இருக்குல்ல, அதுக்குள்ள எழுத்து போயி ஒளிஞ்சுக்கிச்சு. அதுக்குத்தான் சார் எல்லாரும் கருப்பு வைக்கறாங்கன்னான். அவன் வேலைக்காரனே இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பொறுமை வேணும் சார். எங்க வீட்டுல அடுப்படி மேடைக்கே நான் பதினோரு வருஷம் கல்லு தேடினவன். ஆமா, பதினோரு வருஷம். வீடு கட்டி முடிச்சாச்சு, மேடைக்கு மட்டும் கல்லு அமையலை. ரெண்டு பலகையைச் செங்கல் மேல போட்டு, அதுல ஸ்டவ்வை வச்சுத்தான் அமலோற்பவம் சமைச்சா. பலகை ஒரு பக்கம் சாயும், சாம்பார் சட்டியைக் கையில பிடிச்சுக்கிட்டே கிண்டுவா. முணுமுணுத்தது கிடையாது. அவ்வளவு பொறுமை. ஒரே ஒரு தடவைதான் கேட்டா, ஏங்க, நான் கண்ணை மூடறதுக்குள்ள எனக்கு ஒரு கல்லு வருமான்னு. நல்ல கல்லா வரும்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம்.

வரலை. எங்க, அதுக்குள்ளதான் அவளுக்கு ரத்தத்துல வந்துருச்சே. ஆஸ்பத்திரி, வீடு, ஆஸ்பத்திரின்னு ஏழு மாசம் ஓடிப்போச்சு.

அந்த ஏழு மாசமும் சமைச்சது சூசை பொண்டாட்டிதான். அந்தப் பலகையிலதான்.

திரும்ப அடிக்குது பாருங்க. மூணாவது தடவை. சரி, விஷயத்துக்கு வரேன், இப்ப எதுக்கு சேலம் போறேன்னு கேட்டீங்கல்ல. கேக்கலையா? சரி, நான் சொல்றேன்.

எங்க கல்லறைத் தோட்டத்துல இடம் இல்ல. ஊரு பெருத்துப் போச்சு. அதனால பங்குக் கமிட்டி ஒரு முடிவு எடுத்திருக்காங்க. அடக்கம் பண்ணி அஞ்சு வருஷம் ஆயும், கல்லோ சிலுவையோ பேரோ இல்லாத குழியை வேற ஆளுக்குத் திரும்பத் தோண்டறதுன்னு. ரெண்டு மாசமா பூசை முடிஞ்சதும் வாசிக்கறாங்க. இந்தக் கல்லறைத் திருநாள்தான் கடைசி நாள். அதாவது நாளைக்கு.

அவ குழியில மரச்சிலுவை கரையான் அரிச்சு விழுந்துருச்சு. அடையாளத்துக்கு நான் லேப்ல கழிச்சுப் போட்ட ஒரு கிரானைட் துண்டை வச்சிருக்கேன். பதினேழுன்னு வெள்ளைப் பெயின்ட்ல எழுதியிருக்கும், அது பழைய சாம்பிள் நம்பர். கமிட்டி ஆளு வந்து பார்த்துட்டு, பெரியவரே, பதினேழுங்கறது பேரு இல்லன்னான். எனக்குத் தெரியாதா? நல்ல கல்லு வரட்டும்யா, ஒரு வருஷம் தவணை கொடுங்கன்னு கேட்டேன். உங்க மச்சினன் கல்லு வீட்டுல சும்மாதான கிடக்கு, அதை வைங்களேன்னான். சூசை வேலையைப் பாருங்க, கமிட்டி வரைக்கும் போயிருக்கான்.

அதுக்குத்தான் சேலம். எங்க பழைய புரொபசர் தணிகாசலம் சார் அங்க ரிட்டயராகி இருக்காரு. எண்பத்து நாலு வயசு. அவர்கிட்ட ரெண்டு சாம்பிளையும் கொடுத்து, இது கிரானைட், இது கிரானைட் அல்லன்னு கையெழுத்துப் போட்டு ஒரு கடுதாசி வாங்கிட்டா, ராத்திரிக்குள்ள கமிட்டியில கொடுத்துருவேன். அப்புறம் எவன் அந்தக் கருப்பை வைக்கச் சொல்லுவான்? தவணையும் தந்துதான ஆகணும்?

அந்தக் கருப்புத் துண்டு எங்க கிடைச்சதுன்னு பார்க்கறீங்க. அந்தக் கல்லேதான் சார். போன ஞாயித்துக்கிழமை சூசை பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போனேன், சுத்தியலோட. சும்மா இல்ல, பாலிஷ் போட்ட முகத்துல கல்லோட நிஜம் தெரியாது. புதுசா உடைச்ச முகத்துலதான் தெரியும். அது விதி. மூலையில ஒரே தட்டு, இந்தத் துண்டு வந்துருச்சு. சூசை பொண்டாட்டி, அந்தத் தங்கச்சி, அதுலதான் துணி அலசிட்டிருந்துச்சு. பார்த்துச்சு. ஈரத்துணியை மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சுச்சு, சிலாம்பு தெறிக்காம.

அதுல ஒரு ஓரமா வளைவா ஒரு கோடு தெரியுதுல்ல? பூ வேலை போட்டிருந்தான்னேனே, அதுல ஒரு இதழ். இன்னும் பாலிஷ் போகலை, பாருங்க. நாலு வருஷம் கவுந்தே கிடந்ததால அப்படியே இருக்கு.

நேத்து சாயங்காலம் இன்னொரு துண்டு எடுத்துக்கலாம்னு திரும்பவும் போனேன். கல்லைக் காணோம். கிடந்த இடத்துல ஈர மண்ணும் நாலு மண்புழுவும்தான். தங்கச்சி, கல்லு எங்கன்னேன். அவரு எங்கயோ கொண்டுட்டுப் போயிட்டாருண்ணேன்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு. புரியுதுல்ல? நான் கடுதாசி வாங்கப் போறது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. சாட்சியை மறைச்சுட்டான். எவன்கிட்டயாவது வித்திருப்பான்.

ஏன் சார் அப்படிப் பார்க்கறீங்க?

எடுக்கச் சொல்றீங்களா. நாலாவது தடவையா? சரி. நீங்க சொல்றீங்கன்னு எடுக்கறேன். கல்லை ரெண்டையும் கொஞ்சம் பிடிச்சுக்கங்க.

அலோ. ஆங், சொல்லு. பஸ்ல. அரவக்குறிச்சி தாண்டியாச்சு. என்ன? எப்ப? யாரு?

எந்தக் கல்லு?

சரி. சரி. ம். சரிம்மா. வச்சுரு.

கொஞ்சம் இருங்க சார். தண்ணி இருக்கா உங்ககிட்ட?

வச்சுட்டாங்களாம். காலையில ஆறு மணிக்கே போயி, சூசையும் அவளும், ரெண்டு கொத்தனாரைக் கூட்டிட்டு. நேத்தெல்லாம் பட்டறையில வச்சு கழுவியிருக்கான். எழுத்துக்குள்ள சோப்பும் மண்ணுமா அடைச்சுக் கிடந்துச்சாம், ஒவ்வொரு எழுத்தா ஊசி வச்சு நோண்டி எடுத்தானாம். தங்கக் கலர் போயிருச்சாம். ஆனா பேரு தெரியுதாம். வாசல்ல நின்னு பார்த்தாலே தெரியுதாம்.

எந்தக் கல்லுன்னு நான் கேட்டேன்ல, உங்க காதுலயும் விழுந்திருக்கும். அம்மா கல்லுப்பான்னா.

அப்பான்னு சொல்லிட்டா சார். அவளுக்கே தெரியாம வந்துருச்சு போல.

அவ பேசறப்ப பக்கத்துல சூசை குரல் கேட்டுச்சு. ஒரு மூலை மட்டும் உடைஞ்சிருக்காம். துவைக்கிற கல்லா போட்டோமே, அதான் உடைஞ்சு போச்சு, அக்கா கல்லை நானே கெடுத்துட்டேனேன்னு காலையில இருந்து புலம்பிக்கிட்டே இருக்கானாம். மச்சான் பார்த்தா என்ன சொல்லுவாரோன்னு பயமாம். தங்கச்சியும் பக்கத்துலதான் நிக்குதாம். அது பார்த்துச்சுல்ல, நான் தட்டினதை. வாயே திறக்கலை பாருங்க. புருஷன்கிட்டயே சொல்லலை.

நானும் சொல்லலை. சரி சரின்னு வச்சுட்டேன்.

அடுப்படிக்குப் பதினோரு வருஷம் தேடினேன், கல்லறைக்கு அஞ்சு வருஷம். கணக்குப் பார்த்தா, நான் அவளுக்குக் கொண்டு வந்த கல்லு ஒண்ணு கூட இல்ல சார். அந்தப் பதினேழாம் நம்பரைத் தவிர. அதையும் காலையில கொத்தனார் எடுத்து அஸ்திவாரத்துல போட்டுட்டானாம். கல்லுக்கு அடியில முட்டுக் கொடுக்க ஒண்ணு தேவைப்பட்டுச்சாம். கிரானைட்தானே, நல்லா தாங்கும்.

கண்டக்டர், கரூர்ல ஒரு ஆளு இறங்கணும். சேலத்துக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், பரவால்ல. இறங்கி எதிர் பஸ் பிடிக்கணும். தணிகாசலம் சார்கிட்ட அப்புறம் போன்ல சொல்லிக்கறேன், அவருக்கும் எண்பத்து நாலு வயசு, அவரைப் போட்டு எதுக்குத் தொந்தரவு பண்ணணும்.

அந்தக் கிரானைட் உங்க கையிலயே இருக்கட்டும் சார். மேஜை மேல வச்சா பேப்பர் பறக்காது. நல்ல சாம்பிள், குறை சொல்ல முடியாது. கருப்பை மட்டும் என்கிட்ட கொடுங்க. பார்த்து, அந்த இதழ் பக்கம் பிடிக்காதீங்க, விரல் பட்டா மங்கிரும். கல்லு ஒட்டற பசை கருப்புலயே வருதாமே, உங்களுக்குத் தெரியுமா? கரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஹார்ட்வேர் கடை இருக்கும்ல? நாலு மணிக்குள்ள போயிட்டா வெளிச்சத்துலயே ஒட்டிரலாம். காலையில மந்திரிக்க வரும்போது பூ முழுசா இருக்கணும்.

சூசைகிட்ட உடைச்சது நான்தான்னு சொல்லிரணும். முதல்ல அதைச் சொல்லணும். கத்துவான், கத்தட்டும், அரை மணி நேரம்தான்.

அது கிரானைட் இல்லைங்கறதை அப்புறம் சொல்லிக்கலாம். அதுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. கொஞ்சம் காலை ஒதுக்கிக்கங்க சார், இறங்கிக்கறேன்.